முத்துவுக்குப் போர்வையும் வேணாம், கொள்ளும் வேணாம்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க இங்கிலாந்துல, சாமர்செட்ல, டாண்டன் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கோம். நானும் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறோம். 11 வயசுப் பொண்ணு ரொம்ப நாளா ஆசைப்பட்டான்னு போன ஏப்ரல்ல ஒரு எக்ஸ்மூர் மட்டக்குதிரை வாங்கினோம். 7 வயசு, காயடிச்ச ஆண், பேரு முத்து. ரெண்டு ஏக்கர் புல்வெளி வாடகைக்கு எடுத்து, லாயமும் போட்டுக் குடுத்தோம். ஆனா உள்ள போகவே மாட்டேங்குது, மழையிலதான் நிக்குது. போன வாரம் பனி கொட்டினப்போ முதுகு மேல பனி உருகாம அப்படியே உக்காந்திருந்துச்சு. தஞ்சாவூர்லேர்ந்து வந்திருக்குற என் மாமியார் அதப் பாத்துட்டு அழுதுட்டாங்க. அவங்கதான் தினமும் ஒரு சட்டி அவிச்ச கொள்ளும் ஒரு துண்டு வெல்லமும் குடுக்குறாங்க. பொண்ணு வாரா வாரம் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுறா. நல்ல கனமான போர்வை வாங்கிப் போட்டுடலாமா? எடை டேப் வெச்சுப் பாத்ததுல 345 கிலோ காட்டுது, கழுத்து மேலெல்லாம் நல்லா மேடு கட்டி கம்பீரமா இருக்கான். ரெண்டு நாளா மட்டும் கல்லுப் பாதையில நடக்க யோசிக்குறான், திரும்பும்போது தயங்குறான். குளிருக்கு மூட்டு பிடிச்சிருக்குமோ?

பதில்: வணக்கம்மா. உங்க கடிதத்துல கடைசியா ரெண்டு வரி எழுதியிருக்கீங்களே, அதப் படிச்சதும் மத்ததையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு அன்னிக்கே உங்களுக்கு தனியா தகவல் அனுப்பிட்டேன், உடனே உங்க வெட்டுக்கு (கால்நடை டாக்டருக்கு) போன் பண்ணுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்கன்னு. இதே மாதிரி மட்டக்குதிரை வெச்சிருக்குற நம்ம ஆளுங்க இன்னும் சில பேர் இங்க இருக்காங்க, அவங்களும் படிக்கணும்னுதான் இப்போ விரிவா எழுதுறேன்.

மொதல்ல அந்த நடை. கல்லு மேல கால் வைக்க யோசிக்குறது, திரும்பும்போது தயங்குறது, கழுத்து மேல கெட்டியா மேடு, 345 கிலோ, தினமும் வெல்லம், இத்தனையும் சேத்து வெச்சுப் பாத்தா என் மனசுல வர்றது மூட்டுவலி இல்ல, லாமினைடிஸ்ங்கற குளம்பு நோய். குளம்புக்குள்ள ஒரு எலும்பு இருக்கு, அது தரையில நிக்கல, குளம்புச் சுவத்துலேர்ந்து தொங்கிக்கிட்டு இருக்கு. ரெண்டு சீப்போட பல்லை ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்தா எப்படிப் பிடிச்சுக்கும், அந்த மாதிரி மெல்லிசு மெல்லிசான சதை மடிப்புங்கதான் மொத்த குதிரையோட எடையையும் தாங்கிப் பிடிச்சிருக்கு. ரத்தத்துல இன்சுலின் ரொம்ப நாள் ஏறியே இருந்தா அந்த மடிப்பு இழுபட்டுத் தளர்ந்துடும், எலும்பு திரும்பும், இல்லன்னா கீழ எறங்கும். சில குதிரைக்கு உள்ளங்குளம்பையே பொத்துக்கிட்டு வந்துடும். அந்த வலிய அதால சொல்ல முடியாது, மெதுவா நடக்கும், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். நீங்க ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவங்க, ஒரு நாடி பிடிச்சுப் பாக்கத் தெரியாமலா இருக்கும், முன்னங்கால்ல குளம்புக்கு மேல இருக்குற கணுவுக்குப் பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் விரல லேசா வைங்க. நல்லா இருக்குற குதிரைக்கு அந்த நாடி கிடைக்கவே தேடணும். லாமினைடிஸ்னா தேட வேண்டாம், விரல் கீழ டக் டக்னு அடிக்கும். குளம்பு சூடா இருக்கலாம், எடைய பின்னங்காலுக்குத் தள்ளி, முன்னங்கால முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கலாம். இதெல்லாம் இல்லாமலும் லாமினைடிஸ் இருக்கும், அதனால நாடி சாதாரணமாத்தானே இருக்குன்னு விட்டுடாதீங்க.

வெட் வர்ற வரைக்கும் செய்ய வேண்டியது, புல்வெளியிலேர்ந்து எடுத்துடுங்க, நடக்க வைக்காதீங்க, லாயத்துல முழங்கால் வரைக்கும் மெத்துனு மரத்தூள் போட்டு அதுமேல நிக்க விடுங்க (அவனுக்கு லாயம் பிடிக்காதுதான், ஆனா இப்ப அது மருந்து, கதவோரம் வெளிய பாக்குற மாதிரி விடுங்க). கொள்ளும் வெல்லமும் அந்த நிமிஷத்தோட நிறுத்தணும். வீட்ல இருக்குற வலி மாத்திரை எதையும் குடுத்துடாதீங்க, அதுக்குத் தனி மருந்து இருக்கு, அளவு இருக்கு, வெட் குடுப்பாங்க. இன்னொண்ணு ரொம்ப முக்கியம், பயந்துபோய் பட்டினி போட்டுடாதீங்க. கொழுத்த மட்டக்குதிரைய திடீர்னு பட்டினி போட்டா உடம்புக் கொழுப்பு மொத்தமும் ரத்தத்துல கொட்டும், கல்லீரல் அடைச்சுக்கும், லாமினைடிஸவிட வேகமா ஆள முடிச்சுடும். காய்ஞ்ச புல்ல எடை போட்டு, சில மணி நேரம் பச்சத் தண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டுக் குடுங்க, புல்லுல இருக்குற சர்க்கரையில ஒரு பங்கு தண்ணியோட போயிடும். அவன் எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 6 கிலோ, ஊறப்போடறதுக்கு முன்னாடி போட்ட எடை. அதுக்குக் கீழ கொறைக்கணும்னா வெட் சொல்லித்தான் கொறைக்கணும்.

இப்ப உங்க மாமியார் அழுத விஷயத்துக்கு வர்றேன். அவங்க மனசு எனக்குப் புரியுது. நான் படிச்சது சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில. அப்ப நான் பாத்த குதிரைங்கன்னா மெரினாவுல சவாரிக்கு நிக்குற குதிரைங்க, விலா எலும்ப எண்ணலாம், நாம ஒரு கைப்பிடி கொள்ளு குடுத்தா அதுக்கு உசுரு வந்த மாதிரி இருக்கும். அந்தக் கண்ணோட இங்க வந்தவன், குதிரைக்குத் தீனி போடறதுங்கறது புண்ணியம்னு நெனச்சுக்கிட்டு வந்தவன். ஆனா எக்ஸ்மூர் குதிரைய மொதல் தடவ மலையில பாத்தப்புறம் அந்த எண்ணத்த நான் மாத்திக்க வேண்டியதாப் போச்சு, ஏன்னா இது பசியில உருவான இனம், பசிக்காகவே உருவான உடம்பு.

எக்ஸ்மூர்ங்கறது சாமர்செட்லயும் டெவன்லயும் பரவிக் கெடக்குற மேட்டு நிலம், உங்க வீட்லேர்ந்து கார்ல போற தூரம்தான். அதுல உச்சி டங்கரி பீக்கன், 519 மீட்டர். நம்ம ஊட்டிய நெனச்சுக்காதீங்க, மரமே இல்லாத வெட்டவெளி, கடல்லேர்ந்து வர்ற காத்து நேரா மோதும், மழைன்னா படுக்கவசத்துல அடிக்குற மழை. தரையில ஹெதர் புதர், கோர பிடிச்ச சதுப்பு, முரட்டுப் புல்லு, மஞ்சப்பூ பூக்குற கோர்ஸ் முள்ளு. குளிர்காலத்துல அந்த முள்ளோட நுனிய கடிச்சுத் தின்னே பொழைக்கும் இந்தக் குதிரைங்க. கோடையில கெடைக்குற புல்ல கொழுப்பா சேத்து வெச்சுக்கும், குளிர்ல அதக் கரைச்சுக்கும், மார்ச் மாசம் வரும்போது ஒல்லியா இருக்கும், மறுபடி புல்லு மொளைக்கும். இந்தச் சக்கரத்துல ஒல்லியாகுற பாதிய நாம எடுத்துட்டோம்னா என்ன ஆகும்? சேமிப்பு மட்டும் ஏறிக்கிட்டே போகும். முத்துவுக்கு ஆனது அதுதான், ரெண்டு ஏக்கர் பால்மாட்டுப் புல்லுல கோடை பூரா மேஞ்சான், அப்புறம் ஐப்பசி கார்த்திகையில எளைக்க வேண்டிய நேரத்துல கொள்ளு வந்துடுச்சு.

உங்க மாமியார்கிட்ட இத நான் சொன்னதா சொல்லுங்க: எளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு நம்ம பெரியவங்க சொன்னது மனுஷனுக்கு. குதிரைக்குக் கொள்ளு குடுத்தது வண்டி இழுத்து, மைல் கணக்கா ஓடி, வேர்த்து விறுவிறுத்து வந்த குதிரைக்கு. முத்து வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு சின்னப் பொண்ண சுமந்துட்டு மெதுவா நடக்குறான். அவங்க கையால ஏதாவது குடுத்தே ஆகணும்னா ஊறவெச்ச புல்ல அவங்க கையாலயே கொண்டு போய்ப் போடட்டும், கூட நின்னு பிடரிக்குக் கீழ சொறிஞ்சு விடட்டும், அது போதும் அவனுக்கு. குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு பாசம் காட்டுறதே அப்படித்தான், பல்லால சொறிஞ்சு விட்டு.

போர்வை வேணாம். ஏன்னு நீங்களே கைய வெச்சுப் பாத்துக்கலாம், நான் சொல்லி நம்ப வேண்டாம். நல்லா மழை கொட்டி ஓஞ்சதும் முத்துகிட்ட போங்க. மேல் முடி சொட்டச் சொட்ட நனைஞ்சு, முனை முனையா ஒட்டிக்கிட்டு நிக்கும், தொட்டா கையில பிசுக்குனு எண்ணெய் மாதிரி ஏதோ ஒட்டும். இப்ப விரல வெச்சு முடியப் பிரிச்சு உள்ள விடுங்க. உள்ள இன்னொரு முடி, கம்பளி மாதிரி நெருக்கமா, வெதுவெதுன்னு, காஞ்சு போய் இருக்கும், தூசி கூட பறக்கும்! நான் மொத மொதல்ல ஒரு ஜனவரி மாசம், ரெண்டு நாள் அடைமழையில நின்ன குதிரை மேல இப்படிக் கைய விட்டுப் பாத்துட்டு, கைய எடுக்க மனசே வராம நின்னேன், அத்தன கதகதப்பு. மேல ஓலை வேஞ்ச கூரை, உள்ள கம்பளி, அதான் அதோட அமைப்பு. பனி முதுகு மேல உருகாம உக்காந்திருந்துச்சுன்னு எழுதினீங்களே, அது நல்ல சேதிம்மா. உடம்புச் சூடு வெளிய கசிஞ்சா பனி உருகி ஓடியிருக்கும். உருகலன்னா சூடு உள்ளயே இருக்குன்னு அர்த்தம்.

போர்வை போட்டா அந்த முடி அமுங்கிடும், முடிக்கு நடுவுல அடைச்சு வெச்சிருக்குற காத்து போயிடும், அதோட கரைய வேண்டிய கொழுப்பும் கரையாது. வயசாகி எளைச்ச குதிரை, நோயில கெடக்குற குதிரை, முடி வெட்டின குதிரை இதுங்களுக்குப் போர்வை வேணும், இல்லன்னு சொல்லல. முத்துவுக்கு வேணாம். ரொம்பக் குளிர் அடிக்குதுன்னா கூட அவன சூடு பண்றது புல்லுதான், நாரை வயித்துல போட்டு நொதிக்க வைக்கும்போது வர்ற சூடு, உள்ளுக்குள்ள எரியுற அடுப்பு மாதிரி. தானியத்துல அந்தச் சூடு வராது.

ஷாம்புவயும் நிறுத்தச் சொல்லுங்க பாப்பாகிட்ட. திட்டாம சொல்லுங்க, அவ ஆசையில செஞ்சது. அந்தப் பிசுக்குதான் அவனோட மழைக்கோட்டு, அத வாரா வாரம் கழுவி எடுத்தா தண்ணி தோல் வரைக்கும் எறங்கிடும். காஞ்ச சேறு இருந்தா பிரஷ் வெச்சு தட்டி விடலாம், காலு, குளம்பு, சேணம் வைக்குற எடம் மட்டும் சுத்தமா இருந்தா போதும். கணுக்கால்ல சொறி, பொடுகு மாதிரி தட்டுப்பட்டா சேத்துப் புண்ணா இருக்கலாம், அத மட்டும் தினம் தடவிப் பாருங்க.

பாப்பாவுக்கு அவன் மூஞ்சியப் பக்கத்துல நின்னு பாக்கச் சொல்லிக் குடுங்க. கண்ணச் சுத்தி மேலயும் கீழயும் சதை மேடு கட்டி இருக்கும், இங்க அதத் தேரைக் கண்ணுன்னு சொல்லுவாங்க, மழையும் பனியும் கண்ணுல எறங்காம ஓரமா வழிஞ்சு போறதுக்கு. வாலோட அடியில விசிறி மாதிரி குட்டை முடி இருக்கும், முதுகுல வழிஞ்சு வர்ற தண்ணி தொடை நடுவுல எறங்காம ரெண்டு பக்கமும் பிரிஞ்சு கொட்டும். குளிர்காலம் முடிஞ்சா அது உதிரும், அடுத்த குளிருக்கு மறுபடி வளரும். அவன் எப்பவும் மழைக்கு முதுகக் காட்டிக்கிட்டு, தலையத் தாழ்த்தி, வால ஒட்டிக்கிட்டு நிப்பான் பாருங்க, உங்க மாமியார் பாத்து அழுத நிலை அதுதான், பாவமா தெரியும், ஆனா மொத்த உடம்பும் அதுக்காக வடிவமைஞ்சது. வயல்ல ஒரு வேலி மறைப்போ மூணு பக்கம் அடைச்ச கொட்டகையோ இருந்தா போதும், காத்து தாங்காதப்போ அவனே போய் நிப்பான்.

பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது இது டார்ட்மூர் குதிரையான்னு கேட்டாங்கன்னா, இல்லன்னு தைரியமா சொல்லலாம். டார்ட்மூர் தெக்க இருக்குற வேற மேட்டு நிலம், வேற இனம். எக்ஸ்மூர்னா மூக்கச் சுத்தி, கண்ணச் சுத்தி, அடிவயித்துல ஓட்ஸ் மாவு பூசின மாதிரி வெளிர் நிறம், மத்தபடி பழுப்பு, கால் பிடரி வால் கறுப்பு. உடம்புல எங்கயுமே ஒரு வெள்ளைப் புள்ளி கூட இருக்கக் கூடாது, அதான் இந்த இனத்தோட இலக்கணம். உயரம் ஆம்பளைக்கு 12.3 ஹேண்ட், பெட்டைக்கு 12.2 வரைக்கும், அதாவது நாலடிக்கு கொஞ்சம் மேல.

இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, நீங்க வாங்கியிருக்குறது ஏதோ ஒரு குட்டைக் குதிரை இல்ல. 1086-ல இங்கிலாந்து ராஜா எடுத்த டூம்ஸ்டேங்கற நிலக் கணக்குலயே எக்ஸ்மூர்ல குதிரைங்க இருந்ததா எழுதியிருக்கு. 1818-ல ராஜாவோட காட்ட வித்தப்போ அக்லாண்ட் குடும்பம் ஒரு 30 குதிரைய வின்ஸ்ஃபோர்ட் மலைக்கு ஓட்டிட்டுப் போய் காப்பாத்துச்சு, நங்கூரம் சூடு போட்ட அந்த மந்தை இன்னிக்கும் அதே மலையில மேயுது. 1921-ல டல்வர்ட்டன்ல எக்ஸ்மூர் போனி சொசைட்டி ஆரம்பிச்சாங்க. அப்புறம் ரெண்டாம் உலகப் போர் வந்துச்சு. அந்த மேட்டு நிலத்த பட்டாளத்துப் பயிற்சிக்கு எடுத்துக்கிட்டாங்க, குறி பாத்து சுடறதுக்கே குதிரைங்கள சுட்டிருக்காங்க, கறிக்குன்னு திருடிட்டுப் போனவங்களும் உண்டு. போர் முடிஞ்சப்போ மிச்சம் சுமார் 50. அம்பது, அவ்வளவுதான்! மேரி எத்தரிங்டன்னு ஒரு அம்மா மிச்சம் இருந்த விவசாயிங்களக் கூட்டிச் சேத்து, மறுபடி மந்தைய மலைக்கு அனுப்பலன்னா முத்துவும் இல்ல. இப்பவும் அருகிப்போன இனங்கள் பட்டியல்லதான் இருக்கு. மலையில காட்டுக்குதிரை மாதிரி திரியுறதுங்களுக்கும் சொந்தக்கார விவசாயி உண்டு, வருஷா வருஷம் இலையுதிர் காலத்துல மொத்த மந்தையையும் கீழ ஓட்டிட்டு வந்து, குட்டிங்களப் பரிசோதிச்சு, பதிஞ்சு, பால் மறக்கடிப்பாங்க. அடுத்த தடவ பாப்பாவ அத ஓரமா நின்னு பாக்கக் கூட்டிட்டுப் போங்க. டல்வர்ட்டன் பக்கம் எக்ஸ்மூர் போனி சென்டர் இருக்கு, மலையிலேர்ந்து வர்ற குட்டிங்களப் பழக்கி வீடு தேடிக் குடுக்குறவங்க, இந்த இனத்தப் பத்தி என்ன சந்தேகம்னாலும் அவங்களக் கேக்கலாம்.

சில வருஷம் முன்னாடி ஒரு எக்ஸ்மூர் பெட்டை, 14 வயசு, வளத்தவங்க அவ்வளவு பாசமானவங்க. ரெண்டு போர்வை, நாள் தவறாம தீவனம், ஆப்பிள். என்னக் கூப்பிட்டப்போ அது படுத்துட்டு எழுந்திரிக்கல. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா ரெண்டு முன்னங்கால்லயும் எலும்பு திரும்பிப் போயிருக்கு. நான்தான் அதுக்குக் கடைசி ஊசி போட்டேன். தலைய என் மடியில வெச்சுக்கிட்டு இருந்துச்சு, அந்தத் தேரைக் கண்ணு என்னயே பாத்துக்கிட்டு இருந்துச்சு, எனக்கு இன்னிக்கும் மறக்கல. உங்க கடிதத்தப் படிச்சதும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு, அதான் அன்னிக்கே பதறிப்போய் எழுதினேன். முத்து இன்னும் நிக்குறான், நடக்குறான், ரெண்டு நாள்தான் ஆகுது. சீக்கிரம் பிடிச்சா நிறைய குதிரை நல்லா தேறி வருது.

கால் சரியானதுக்கு அப்புறம் செய்ய வேண்டியத இப்பவே சொல்லிடுறேன். இன்சுலின் ரத்தப் பரிசோதனைய வெட்கிட்ட கேட்டு எடுங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு கிலோவுக்கு மேல எறக்க வேண்டாம், மெதுவா 300 கிட்ட வரட்டும், கழுத்து மேடு கையில பிடிச்சா கெட்டியா இல்லாம தளதளன்னு வரணும். அது கம்பீரம் இல்லம்மா, காயடிச்ச குதிரைக்கு அந்த மேடுன்னா கொழுப்புக் கட்டிதான். ரெண்டு ஏக்கரையும் தொறந்து விடாம, வேலி ஓரமா சுத்தி ஒரு பாதை மாதிரி அடைச்சு, அதுல மட்டும் நடந்து நடந்து மேய விடுங்க. உறைபனி விழுந்து வெயில் அடிக்குற காலையில புல்லுல விடவே கூடாது, குளிர்ல புல்லு வளராம சர்க்கரைய அப்படியே தண்டுல தேக்கி வெச்சிருக்கும். பச்சப் புல்லு கொறையுறப்போ தாது உப்பு கொறையாம இருக்க, கலோரி கம்மியான பேலன்சர்ங்கற சத்துத் தீவனம் ஒரு கப் போதும். குளம்ப 6-லேர்ந்து 8 வாரத்துக்கு ஒரு தடவ ஃபாரியர் (லாடம் அடிக்குறவர்) சீவணும், இப்போதைக்கு எக்ஸ்ரே பாத்து அவரும் வெட்டும் பேசி முடிவு பண்ணட்டும். இந்த இனத்துக்குக் குளம்பு கெட்டி, பெரும்பாலும் லாடமே தேவப்படாது. பல்லு வருஷத்துக்கு ஒரு தடவ, டெட்டனஸ், ஃப்ளூ ஊசி, பூச்சி மருந்த சும்மா குடுக்காம லத்திய அனுப்பி முட்டை எண்ணிப் பாத்துட்டுக் குடுக்கறது. வயல்ல மஞ்சப்பூ ராக்வொர்ட் இருந்தா வேரோட பிடுங்கி வெளிய கொண்டு போய் அழிச்சிடுங்க, காஞ்சாலும் அது விஷம்தான், புல்லுக்கட்டுல கலந்து வந்தா குதிரைக்குத் தெரியாது. வேலியோரம் சிகமோர் மரம் இருக்கான்னும் பாருங்க, அந்த விதையும் வசந்தத்துல மொளைக்குற கன்னும் குதிரையையே கொல்லும்.

கடைசியா, முத்துவுக்குத் தொணை இருக்கான்னு நீங்க எழுதவே இல்ல. தனியா இருக்கான்னுதான் எனக்குத் தோணுது. மந்தையில பொறந்த உயிரு, ராத்திரி யாராவது ஒருத்தர் முழிச்சு காவல் நின்னாதான் இன்னொருத்தர் படுத்துத் தூங்குவாங்க, தனியா இருந்தா அவன் ஒழுங்கா படுக்க மாட்டான். ஆடு தொணை ஆகாது, இன்னொரு மட்டக்குதிரைதான் வேணும், ரெண்டு சின்ன எக்ஸ்மூருக்கு உங்க ரெண்டு ஏக்கர் தாராளம். கால் சரியானதும் அதுக்கு ஏற்பாடு பண்ணுங்க. இப்ப போய் அந்த நாடியப் பாருங்க, வெட் என்ன சொன்னாங்கன்னு இன்னிக்கு ராத்திரிக்குள்ள எனக்கு ஒரு வரி எழுதுங்க.